சயாம் பூனை வாங்கிக்கொண்ட அழுகை

விளக்கு வைத்து, செபமாலை சொல்லி முடித்து, நங்கூரத் தெருவில் மீன் பொரிக்கிற வாடையும் அடங்கிப்போன நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேலிருந்து, இருட்டுக்குள்ளிருந்து, ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுகிற சத்தம். யார் வீட்டுக் குழந்தை என்று யோசிக்கும் முன்பே எஸ்கலினின் உடம்புக்குத் தெரிந்துவிட்டது. அடுப்படியில் நின்றிருந்தவளின் மார்பு இரண்டும் இறுகிப் பால் சுரந்து நைட்டியை நனைத்தது. அது அவளுடைய மகள் ஜோவிட்டாவின் அழுகை. மூச்சை உள்ளே இழுத்து, கொஞ்சம் நின்று, பிறகு உடைந்து, கடைசியில் ஆட்டுக்குட்டியின் குரலாக நடுங்கி முடிகிற அழுகை. உலகத்துக் குழந்தைகளை எல்லாம் ஒரே அறையில் போட்டு அழவிட்டாலும் அவள் அதைப் பிரித்துச் சொல்லிவிடுவாள். ஆனால் ஜோவிட்டா உள்ளறைத் தொட்டிலில் அல்லவா கிடந்தாள்.

ஓடிப்போய்த் தொட்டில் சேலையை விலக்கினாள். குழந்தை அழுதுகொண்டுதான் இருந்தது. வாய் அகலத் திறந்து, அண்ணம் தெரிய, முகம் செம்பருத்தியாய்ச் சிவந்து, கண்ணீர் இரண்டு காதுகளுக்குள்ளும் வழிந்து நிறைய, கைகளை முறுக்கிக்கொண்டு அழுதது. சத்தம் மட்டும் இல்லை. ஒரு முனகல், ஒரு விக்கல், எதுவும் இல்லை. குழந்தை மூச்செடுக்க நிறுத்தினால் வெளியே தொட்டியின் மேலும் சத்தம் நின்றது. குழந்தையின் வாய் மறுபடி திறந்தால் வெளியே மறுபடி வீறிட்டது. எஸ்கலின் அதை வாரியெடுத்து மார்போடு அணைத்துப் பாலைக் கொடுத்தாள். வாய் காம்பைப் பற்றிய அந்த நொடியில் தெருவில் அழுகை அறுந்து நின்றது.

கொஞ்ச நேரத்தில் வாசற்கதவின் கைப்பிடி தானாகக் கீழே அழுங்கியது. கதவு சாணளவு திறக்க, அந்த இடுக்கு வழியாகப் பிஸ்கோத்து உள்ளே வந்தது. தொண்டை வறண்டவனைப் போல நேராகத் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போய் நக்கி நக்கிக் குடித்தது.

பிஸ்கோத்து அவர்கள் வீட்டுச் சயாம் பூனை. கப்பலில் இரண்டாம் எஞ்சினியராக இருக்கும் டெரன்ஸ், பெண்டாட்டி தனியாக இருப்பாளே என்று போன லீவில் கூடையில் வைத்துக் கொண்டுவந்தது. குட்டை மயிரில் உடம்பு முழுக்க பிஸ்கோத்து நிறம். காதும் மூக்கும் கால் நுனிகளும் வாலும் மட்டும் காப்பியில் நனைத்த மாதிரி கறுப்பு. கண் இரண்டும் கடல் நீலம், லேசான மாறுகண். அந்தத் தெரு அதுவரை பார்த்ததெல்லாம் மீன் ஏலக்கூடத்தில் அடி வாங்கி வளர்ந்த சாம்பல் பூனைகளைத்தான்.

"இது பூனைன்னு நினைச்சுக்காத எஸ்கி," என்று டெரன்ஸ் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போயிருந்தான். "இந்தச் சாதி ஒரு ஆளைத்தான் பிடிச்சுக்கும். அந்த ஆள் எங்க போனாலும் பின்னாலயே வரும். பேசினா பதில் பேசும். தனியா விட்டா மட்டும் தாங்காது. அப்புறம் குளிர். அது ஆகவே ஆகாது. இந்தக் கறுப்பெல்லாம் உடம்புல குளிர்ந்த இடத்துலதான் வருமாம், விக்கிறவன் சொன்னான்."

பிஸ்கோத்து பிடித்துக்கொண்டது எஸ்கலினைத்தான். வயிற்றில் பிள்ளை இருந்தபோது அந்த வயிற்றின் மேலேயே படுத்துத் தூங்கியது. பிள்ளை பிறந்த பிறகு தொட்டில் கயிற்றுக்கு அடியில் காவல் கிடந்தது. சீப்பு வேண்டாம், சோப்பு வேண்டாம், உள்ளங்கையை நனைத்துக் கழுத்திலிருந்து வால்வரை தடவிவிட்டால் போதும், மயிர் பட்டாய் மின்னும். முள் நீக்கி அவித்த மீன் இரண்டு வேளை. காதுக்குள் ஈரப்பஞ்சு. ராத்திரிக்கு அவளுடைய போர்வை. கன்னியாஸ்திரீகளிடம் படித்து, கைக்குட்டையைக்கூட நாலாய் மடித்தே பழகியவளுக்கு இதில் எதுவும் பாரமாக இல்லை.

அன்று மாலைதான் டெரன்ஸின் அத்தை அழுகையைக் கடத்தியிருந்தாள்.

நங்கூரத் தெருவில் அது புதிய காரியம் இல்லை. பச்சைப்பிள்ளை காரணமில்லாமல் நாள் கணக்கில் அழுதால், தகப்பன் வழியில் ஒரு பொம்பளை கட்டைவிரலைக் கடல்தண்ணீரில் நனைத்து, பிள்ளையின் கீழுதட்டில் ஒரு கோடு இழுத்து, வாசலில் கண்ணில் படுகிற முதல் உயிரின் பக்கமாக அதைச் சுண்டிவிடுவாள். "இந்தா புடி, வேலையத்துத் திரியுத, இதை அழு" என்பாள். நாய் என்றால் நாய் வாங்கிக்கொள்ளும். அன்று ராத்திரி முழுக்க பிள்ளைக் குரலில் ஊளையிட்டுவிட்டு, விடிகாலையில் மீன்கழிவுக்குச் சண்டை போடும்போது அதை எங்கேயாவது தொலைத்துவிடும். காக்காய் என்றால் கடலுக்கு மேலே பறக்கும்போது விட்டுவிடும். காலையில் அழுகை பிள்ளையிடம் திரும்பியிருக்கும். பெற்றவளுக்கு ஒரு ராத்திரித் தூக்கம் மிச்சம். பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குவதைப் போல அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. டெரன்ஸின் அழுகை ஒரு கழுதைக்குப் போனதாம். அது உப்பு மூட்டையைச் சுமந்துகொண்டு துறைமுகம்வரை பச்சைப்பிள்ளையாய் அழுதுகொண்டே போனதாம்.

ஆக, கீழ்வீட்டில் இருந்த செபத்தி அத்தை ஏறிவந்து, உதட்டில் கோடு இழுத்து, வாசல் பக்கம் சுண்டினாள். அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றது நாயும் இல்லை, காக்காயும் இல்லை.

"பூனைதான? போவட்டும். விடிஞ்சா விட்டுரும்," என்றாள் அத்தை.

விடிந்தது. விடவில்லை. தெருநாய்க்குப் பசி உண்டு, பயம் உண்டு, கல்லெறி உண்டு. கிடைத்ததை வைத்துக் காப்பாற்ற அதற்கு நேரம் கிடையாது. இதற்கோ ஒரு குறையும் இல்லை. தான் பிடித்துக்கொண்ட மனுஷியின் வீட்டிலிருந்து தனக்குத் தரப்பட்ட ஒன்றை எதற்காகக் கைவிட வேண்டும்? ஜோவிட்டாவுக்குப் பசித்தபோது பிஸ்கோத்து அடுப்படிக்கு வந்து, எஸ்கலினின் கணுக்காலில் உரசிக்கொண்டு, நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்து ஜோவிட்டாவாக அழுதது. எஸ்கலின் காலை இழுத்துக்கொண்டாள். பால் மட்டும் தன்பாட்டுக்குச் சுரந்தது.

தெரு வந்து பார்த்தது. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே பெண்கள் மாடிப்படி ஏறினார்கள். ஆச்சரியப்பட்டவர் யாரும் இல்லை. தொட்டிலையும் பார்த்தார்கள், பூனையையும் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் பொறாமைப்பட்டார்கள்.

"ஏளா எஸ்கலின், உனக்கு யோகந்தான். அழுகை தானா நடந்து வந்து உன்னைக் கூப்பிடுது. எனக்கு மூணு மாடி ஏறிப் பாக்கணும்," என்றாள் ரெஜிலா. எதிர்வீட்டுக்காரி. அவள் மகன் டாரிஸ் ஜோவிட்டாவைவிடக் கொஞ்சம் மூத்தவன். புருஷன் கிளியோபாஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். ராத்திரி வேலை, பகல் தூக்கம்.

"எனக்குப் பயமா இருக்குக்கா," என்றாள் எஸ்கலின்.

"பயமா? என்னத்துக்குட்டி பயம்? என் மவன் தொண்டையைத் திறந்தா அவுக அப்பா வேட்டியை மடிச்சிக் கட்டிக்கிட்டு எந்திரிச்சி வாறாரு. அதல்லவா பயம்!"

மறுநாள் ரெஜிலா டாரிஸைத் தூக்கிக்கொண்டு வந்தாள். செபத்தி அத்தை கட்டைவிரலை நனைத்தாள். பிஸ்கோத்து காதை முன்னால் மடித்து, அதையும் வாங்கிக்கொண்டது. அடுத்து சங்குக்கடைக்காரன் வீட்டுப் பேத்தி. அடுத்து இரட்டைப் பிள்ளைகள். எல்லாவற்றையும் அது வாங்கிக்கொண்டது. ஒன்றை ஒன்றோடு குழப்பிக்கொள்ளவும் இல்லை. சோம்பல் முறித்துக்கொண்டு மதில் மேல் ஏறி நின்று அழும். யாருக்கு எந்தக் குரல் என்று தெருவுக்கே மனப்பாடமாகிவிட்டது. மீன்காரிகூடக் கூடையை இறக்கிவைத்து, "ரெஜிலா, உன் மவன் கூப்பிடுதான்!" என்று கத்திவிட்டுப் போவாள்.

இப்படித்தான் நங்கூரத் தெரு அமைதியானது. கிளியோபாஸ் பகலில் குறட்டை விட்டுத் தூங்கி எழுந்து, பெண்டாட்டிக்குக் காப்பி போட்டுக்கொடுத்தான். ஞாயிறு பூசையில் ஒரு பிள்ளையும் அழவில்லை. பங்குச் சாமியார் பல வருஷத்துக்குப் பிறகு தன் பிரசங்கத்தை முழுதாகத் தன் காதால் கேட்டார், அடுத்த வாரம் அதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். மாதர் சபையார் முறை வைத்து அவித்த சீலா மீன் கொண்டுவந்தார்கள். ஒருத்தி கம்பளியில் சட்டை பின்னினாள். ஒருத்தி பூவேலை செய்த மெத்தை தைத்தாள். பூனையை யாரும் அதட்டக் கூடாது. தெருநாய்களைத் துரத்திவிட வேண்டும். அது இஷ்டம்போல உள்ளே வரவும் வெளியே போகவும், நினைத்த நேரத்தில் தாய்மார்கள் வந்து பார்க்கவும் தோதாக, எஸ்கலின் வீட்டுக் கதவை ராப்பகல் எந்நேரமும் தாழ்ப்பாள் போடக் கூடாது. கடைசிக் கட்டளை செபத்தி அத்தையுடையது.

"ஆம்பளை இல்லாத வீடு அத்தை," என்றாள் எஸ்கலின்.

"தெருவே உன் வீட்டுலதான கெடக்கு. எவன் வருவான்?"

டெரன்ஸிடம் போனில் சொன்னாள். நடுக்கடலில் வீடியோ நின்று நின்று வந்தது. அவன் சிரித்தான். "என் அழுகை கழுதைக்குப் போச்சு. நான் நல்லாத்தான இருக்கேன்?"

"உங்களுக்கு ஒரு ராத்திரிதான் போச்சு. இவளுக்கு வாரக்கணக்கா வரல."

"பூனையை நல்லாப் பாத்துக்க எஸ்கி. அதுக்கு ஒண்ணுன்னா பிள்ளை அழுகையும் அதோட போயிரும்லா?"

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். அன்றிலிருந்து எஸ்கலினுக்கு மீன்முள்ளைக் கண்டால் ஒரு பயம், மதிலைக் கண்டால் ஒரு பயம், தெருமுனையில் லாரி வேகம் எடுக்கிற சத்தம் கேட்டால் ஒரு பயம். அவித்த மீனை மூன்று தடவை விரலால் பிசைந்து பார்த்தாள். பூனை தும்மினால் அவளுக்கு உயிர் போய்வந்தது. ராத்திரியில் ஒரு கையைத் தொட்டிலுக்குள்ளும் ஒரு கையைப் பூனையின் வயிற்றின் மேலும் வைத்துக்கொண்டு, இரண்டு மூச்சையும் எண்ணிக்கொண்டு விழித்துக் கிடந்தாள். சத்தமில்லாத பிள்ளையைப் பெற்றவள் கண்ணை மூட முடியாது. எப்போது அழுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தெருவில் எல்லாருக்கும் தூக்கம் வந்தது, அவளுக்கு மட்டும் போனது.

பிறகு டாரிஸை எறும்பு கடித்தது.

பிஸ்கோத்து அன்று மத்தியானம் இன்வெர்ட்டர் பெட்டியின் சூட்டில், தெரு தைத்துக்கொடுத்த மெத்தையில், சீலா மீன் தின்ற மயக்கத்தில் செத்தது போலத் தூங்கியது. ரெஜிலா வீட்டில் பாய் விரித்துக் கிடத்தியிருந்த டாரிஸின் பால் சிந்திய கழுத்தைத் தேடிச் செவ்வெறும்புகள் சாரையாக வந்தன. அவன் அழுதிருக்கிறான். எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது. ரெஜிலா அடுத்த அறையில் சீரியல் பார்த்துக்கொண்டு, பூனை கூப்பிடவில்லையே, பிள்ளை தூங்குகிறது என்று உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது அவன் முகம் பணியாரமாய் வீங்கி, கண் இரண்டும் கோடாகிப்போயிருந்தன.

எஸ்கலின் நினைத்தாள், இதோடு முடிந்தது, இனி தெருவே அழுகையைத் திரும்பக் கேட்கும் என்று. தெரு கூடியது. பேசியது. பூனை அவ்வளவு அசந்து தூங்கும்படி விடுவது தவறு என்று முடிவெடுத்தது. மதியம் கனமான மீன் வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம், அடிக்கடி தட்டி எழுப்ப வேண்டும்.

"வளத்தவ பாத்துக்கிடணும்லா," என்றாள் செபத்தி அத்தை. ரெஜிலா வீங்கிய பிள்ளையைத் தோளில் சாத்திக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கார்த்திகை பிறந்து குளிர் இறங்கிய ஒரு சாயங்காலம் அது நடந்தது. பிஸ்கோத்து எஸ்கலினின் மடியில் இரண்டு முன்னங்கால்களாலும் மாவு பிசைவதுபோல மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டிருந்தது. சந்தோஷமாக இருந்தால் அது அப்படிச் செய்யும். எதிரே பாயில் ஜோவிட்டா குப்புறக் கவிழ்ந்து, தலையைத் தூக்கி அவளைப் பார்த்து, உதடு இரண்டையும் ஒட்டிப் பிரித்தாள். பூனையின் வாய் திறந்தது.

"ம்ம்... மா."

எச்சில் வழிகிற பிஞ்சுக் குரல். படியேறி வந்த அத்தை அதைக் கேட்டுவிட்டாள். "ஏ ஆத்தாடி! பிள்ளை பேசப் போவுது!"

"அவ பேசல அத்தை. பூனையில்லா சொல்லுது."

"யார் வாயில வந்தா என்ன? வார்த்தை வார்த்தைதான?" அத்தை குனிந்து பூனையின் தாடையைக் கிள்ளி முத்தினாள். "எங்க, 'அத்தை'ன்னு சொல்லு பாப்போம்."

எஸ்கலின் அன்றைக்குத்தான் தன் பயத்தின் முழு உருவத்தையும் பார்த்தாள். அழுகை போனால் போகட்டும் என்றுகூட ஒரு தாய் இருந்துவிடலாம். அடுத்து சொல் போகும். அம்மா என்பது போகும், தண்ணி என்பது போகும், வலிக்கிறது என்பது போகும். பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் பெயரைக் கேட்டால் இவள் வாயைத் திறந்து நிற்பாள், வீட்டில் மதில் மேலிருந்து பூனை பெயரைச் சொல்லும். கல்யாணத்தன்று பீடத்துக்கு முன்னால் சம்மதமா என்று சாமியார் கேட்க, எல்லாரும் திரும்பிப் பூனையைப் பார்ப்பார்கள். ஒருவரும் ஆச்சரியப்படமாட்டார்கள். அதுதான் எல்லாவற்றிலும் பயங்கரமாக இருந்தது.

தடுப்பூசி போடுகிற நாள் வந்தது. எஸ்கலின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். பூனைக்குத் துணையிருக்கிறேன் என்று சொன்ன அத்தை, மாதர் சபைக் கூட்டம் என்று நடுவில் எழுந்து, பூனை வெளியே போய்விடக் கூடாதே என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஊசி ஏறியபோது ஜோவிட்டா சத்தமில்லாமல் வாயைப் பிளந்தாள். "தங்கமான பிள்ளை," என்றாள் நர்ஸ். திரும்பித் தெருமுனைக்கு வரும்போது எஸ்கலின் ஒரு சத்தம் கேட்டாள். கரகரத்து, துருப்பிடித்த கீல் கிறீச்சிட்டது போல, அழகே இல்லாத ஒரு கத்தல். எந்தப் பிள்ளையுடையதும் இல்லை. பூட்டிய வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிஸ்கோத்து கத்திக்கொண்டிருந்தது. அது அழுகையை வாங்குவதற்கு முன்னால் அதற்கென்று இருந்த குரல் அதுதான் என்பதை அவள் மறந்தே போயிருந்தாள். அந்தக் கணத்தில் அவள் தோளில் கிடந்த ஜோவிட்டாவிடமிருந்து ஒரு சிணுங்கல் வந்தது. சின்னது. அவள் கழுத்தில் சூடாகப் பட்டது.

பூனை அவளைப் பார்த்துவிட்டது. கத்தலை நிறுத்திற்று. ஜோவிட்டாவும் ஊமையானாள்.

எஸ்கலின் நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டாள். மீனும் மெத்தையும் சூடும் மடியும் இருக்கிறவரை அதற்கு எதையும் கேட்டு அழ வேண்டியதில்லை. வாய் காலியாக இருக்கிறது, ஊர்ப்பிள்ளைகளின் அழுகையை அதில் வைத்திருக்கிறது. தனக்கென்று ஒரு தாங்கமுடியாத குறை வந்தால்தான் அது தன் குரலைத் தேடும். அப்போதுதான் வாயில் இருக்கிறதைக் கீழே போடும். அதற்குத் தாங்கமுடியாத குறை என்ன என்பது அவளுக்குத் தெரியும். தனிமை. அவள் இல்லாமல் இருப்பது.

அன்று மாலையே வெளியே விட்டுக் கதவைச் சாத்தினாள். பூனை ஜோவிட்டாவின் குரலில் ஒருமுறை அழுதது. ஒரே ஒருமுறை. திறந்துவிட்டாள். திறந்த பிறகு பூனையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். அது அவள் கண்ணீரைச் சொரசொரப்பான நாக்கால் நக்கிற்று.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் கோயிலில் நவநாள் நடந்தது. பொழுது சாயும் நேரம். தெரு முழுக்கப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆராதனைக்குப் போயிருந்தது. வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. கடல் பக்கமிருந்து மழை வந்தது, எலும்பில் இறங்குகிற வாடைக்காற்றோடு. பூனை போய் ஒண்டிக்கொள்ள இன்றைக்கு ஒரு வீடும் கிடையாது. எஸ்கலின் பிஸ்கோத்தின் கம்பளிச் சட்டையைக் கழற்றினாள். அது அவள் விரலைச் செல்லமாகக் கடித்தது. படிக்கட்டின் மேல்தளத்தில் இறக்கிவிட்டாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளுக்குப் போன கை நின்றுவிட்டது. வெளியே நிற்பது பூனை மட்டும் இல்லை, தன் பிள்ளையின் குரலும் அங்கேதான் நிற்கிறது, அதன்மேல் தாழ்ப்பாள் போட அவளால் முடியவில்லை. முதுகைக் கதவில் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, ஜோவிட்டாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கைப்பிடி தலைக்கு மேல் அழுங்கியது. கதவு தள்ளியது. அவள் இடம்கொடுக்கவில்லை.

பூனை முதலில் இரட்டைப் பிள்ளைகளாக அழுதது, ஒன்று மாற்றி ஒன்று. பிறகு சங்குக்கடைப் பேத்தியாக. பிறகு டாரிஸாக, எறும்பு கடித்த அன்று அவன் அழுதிருக்க வேண்டிய அழுகை முழுவதையும். எஸ்கலின் காதைப் பொத்திக்கொண்டாள். கதவு வழியாக, முதுகு வழியாக, நெஞ்செலும்புக்குள் கேட்டது. கடைசியில் அது ஜோவிட்டாவானது. எதை எப்போது எடுக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். பசியில் அழுதது. வயிற்றுவலியில் அழுதது. இருட்டில் விழித்து யாரும் இல்லை என்று அழுதது. ம்ம்மா என்றது. பால் பொங்கி எஸ்கலினின் வயிற்றில் வழிந்தது, தரையில் சொட்டியது. "என்னைய மன்னிச்சிரு," என்று அவள் கதவிடம் சொன்னாள். "நீ என் தங்கம்லா. கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு." அருள் நிறைந்த மரியே செபத்தைச் சொல்லத் தொடங்கி, பாதியில் வார்த்தை மறந்து, பள்ளியில் படித்த இங்கிலீஷில் சொல்லத் தொடங்கி, அதுவும் மறந்து, அம்மா அம்மா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். மடியில் பிள்ளை சத்தமில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடியது.

வெளியே சத்தம் நின்றது. மழை மட்டும் விழுந்தது. செத்துவிட்டதோ என்று எஸ்கலின் கதவில் காதை வைத்தாள். இரண்டும் போய்விட்டதோ. கை தானாகக் கைப்பிடிக்குப் போனது.

அப்போது அந்தத் துருப்பிடித்த குரல் எழுந்தது. மழையைக் கிழித்துக்கொண்டு, அசிங்கமாக, நீளமாக, ஒரு பிள்ளையும் அதில் இல்லாமல். அதில் இருந்தது ஒரு பூனை மட்டும். நனைந்து, நடுங்கி, தன் மனுஷியைத் தேடுகிற பூனை.

ஜோவிட்டா மூச்சை உள்ளே இழுத்தாள். கொஞ்சம் நின்றாள். வீறிட்டாள்.

அறை நிரம்பிப்போயிற்று. எஸ்கலின் அந்தத் திறந்த வாயின் மேல் கன்னத்தை வைத்து, அதன் சூட்டையும் எச்சிலையும் அதிர்வையும் வாங்கிக்கொண்டாள். பிறகு பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு எழுந்து கதவைத் திறந்து, ஈரக்கந்தலாய் நின்ற பிஸ்கோத்தை வாரித் துண்டில் சுற்றி மார்புக்குள் வைத்தாள். அது அவள் தாடைக்குக் கீழே தன் சொந்தக் குரலில் முறையிட்டுக்கொண்டே இருந்தது.

கோயில் பக்கமிருந்தும் வந்தது. ஆராதனை மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே, தெருவின் அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில், ஒரே கூரையின் கீழே, மாதக்கணக்கில் அழாததை எல்லாம் சேர்த்து அழத் தொடங்கியிருந்தன. ஆர்மோனியம் நின்றது. குடைகள் விரிகிற சத்தம். தெருவில் செருப்புகள் ஓடி வந்தன.

"பூனைக்கு என்னாச்சி?"

"எவளோ கதவைச் சாத்திட்டா போல!"

"ஏட்டி எஸ்கலின்!" செபத்தி அத்தையின் குரல் கீழே படியில் கேட்டது. "பயப்படாத மக்கா. கடத்துன அழுகைதான, திரும்பக் கடத்திருவோம். தண்ணி எடுத்துட்டு வாறேன். பூனையை மட்டும் பத்திரமாப் பிடிச்சிக்க."

அன்பாகத்தான் சொன்னாள். எல்லாரும் அன்பாகத்தான் ஏறி வந்தார்கள். கிளியோபாஸின் குரல் கேட்டது, "தூங்கணும்லா மனுஷன்!"

எல்லாருக்கும் முன்னால் ஏறி வந்தவள் ரெஜிலா. தலை நனைந்து, மூச்சு வாங்கி, தோளில் டாரிஸ் முழுக்குரலில் அலறிக்கொண்டிருந்தான். கதவிடுக்கில் முகத்தை வைத்து எஸ்கலினைப் பார்த்தாள். பூனையைப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் ஓடியது, மழையோ என்னவோ.

"அழுதான்ளா," என்றாள். "காதைக் கிழிக்கான். எறும்பு கடிச்ச இடமெல்லாம் இப்பந்தான் வலிக்கும்போல அழுதான்."

"அக்கா, அத்தை வாறாவ."

"என்னையும் உள்ள விடு."

எஸ்கலின் ஒதுங்கினாள். ரெஜிலா பிள்ளையோடு உள்ளே நுழைந்து, திரும்பி, தோளால் கதவை மோதிச் சாத்தினாள். படியில் காலடிகள் மேல்தளத்தை எட்டிவிட்டன. கைப்பிடி அழுங்கியது. வெளியே அத்தையின் கட்டைவிரலிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டுகிறது என்று எஸ்கலினுக்குப் பார்க்காமலே தெரிந்தது. உள்ளே இரண்டு பிள்ளைகளும் ஒரு பூனையும் அவரவர் குரலில் கத்தினார்கள். அவள் பூனையைத் தோளுக்கு ஏற்றிவிட்டு, கடல்காற்றில் பச்சை பிடித்துப்போயிருந்த பித்தளைத் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை. உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். இன்னொரு முறை அடித்தாள். அது தொண்டையைச் செருமிக்கொண்டு, நிலைக்குள் போய் விழுந்தது.